நடை சாத்தும் நேரமும் கட்டுச்சோற்று மூட்டையும்

திருநாவுக்கரசர் பெருமான் தலங்கள்தோறும் வழிபட்டுக்கொண்டு திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடந்து வருகிறார். முதிர்ந்த வயது; நெடுவழி; சுடுகின்ற வெயில். பசியும் நீர்வேட்கையும் அவரை வாட்டுகின்றன. ஆயினும் உள்ளம் தளரவில்லை, நடையும் நிற்கவில்லை. அடியவரின் இளைப்பைப் பொறாத இறைவன், அவர் வரும் வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் காத்திருந்தான் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் உரைக்கிறார். சோற்றை உண்டு, குளத்து நீரைப் பருகி, இளைப்பாறிச் செல்லுமாறு அந்தணர் வேண்டினார். நாவுக்கரசரும் மறுக்காமல் உண்டார். பிறகு இருவரும் சேர்ந்தே நடந்தனர். திருப்பைஞ்ஞீலியை நெருங்கியதும் அந்தணர் மறைந்தார். சோறு கொணர்ந்தவர் யார் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கும் இத்தகைய அருள் வாய்த்தது. சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்குருகாவூருக்கு அவர் தம் அடியார் கூட்டத்துடன் வரும்போது, வழியில் தண்ணீர்ப் பந்தல் அமைத்துப் பொதிசோறு அளித்தான் இறைவன். நிழல், நீர், சோறு. வழிநடைப் பயணிக்கு வேண்டிய மூன்றையும் இறைவன் தானே சுமந்து வந்த வரலாறுகள் இவை.

இன்றைய தலயாத்திரையின் போக்கு வேறு. விடியற்காலையில் வாடகை வண்டி வாயிலில் வந்து நிற்கிறது. பாட்டி முதல் பேரக்குழந்தை வரை ஏறிக்கொள்கின்றனர். ஒரே நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் தரிசித்துவிட வேண்டும் என்று கும்பகோணத்திலிருந்து புறப்படுவோர் உண்டு. காஞ்சிபுரத்தின் கோயில்களை ஒரு பகலுக்குள் அடக்கிவிட நினைப்போர் உண்டு. கையில் தலங்களின் பட்டியல் இருக்கும்; அர்ச்சனைத் தட்டுக்குச் சில்லறை இருக்கும்; மாற்றுத் துணியும் இருக்கும். உணவைப் பற்றி மட்டும், “வழியில் எங்கேனும் பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இளையவர்களுக்கு அது போதும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உட்கொள்ளும் எழுபது வயது முதியவருக்கு அது போதாது.

ஸ்ரீரங்கத்தில் வாழும் ஒரு குடும்பம். தாயாருக்கு 74 வயது. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளுமாக வெளியூர்க் கோயில் ஒன்றுக்குப் புறப்பட்டனர். காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு வாய்க் காப்பியோடு அம்மையார் வண்டியில் ஏறினார். எட்டு மணிக்கு வழியில் ஓர் உணவகத்தில் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். “தரிசனம் முடியட்டும்ப்பா. அப்புறம் நிம்மதியா சாப்பிடுறேன்” என்று அவர் வண்டியிலேயே அமர்ந்திருந்தார். அன்று ஏதோ விசேஷ நாள். வரிசை நீண்டு வளைந்து கிடந்தது. பதினொரு மணியளவில் அம்மையாருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது, கைவிரல்கள் நடுங்கின. மருமகள் கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் வந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தம் குழந்தைக்காக வைத்திருந்த இனிப்புப் பானத்தைக் கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் அந்த வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். தரிசனமும் கிடைத்தது, ஆனால் வீடு திரும்பும் வழியில் அம்மையார் சொன்னது மகனின் மனத்தைத் தைத்துவிட்டது. “இனிமே நீங்க மட்டும் போயிட்டு வாங்க. என்னை இழுத்துக்கிட்டு அலைய வேண்டாம்.”

இவ்வாறு வீட்டோடு நின்றுவிட்ட முதியோர் எத்தனையோ பேர். கால்வலி காரணம் என்பார்கள். வெயில் காரணம் என்பார்கள். கூர்ந்து நோக்கினால் பல வீடுகளில் உண்மைக் காரணம் உணவாகவே இருக்கும். உரிய நேரத்தில், உடம்புக்கு ஒத்த உணவு கிடைக்காது என்ற அச்சம். அந்த அச்சத்தைத் தீர்ப்பதற்கு ஒரு கட்டுச்சோற்று மூட்டை போதும். ஆனால் அந்த மூட்டையை நாவின் சுவையை மட்டும் எண்ணிக் கட்டினால் பயனில்லை. கடிகாரத்தையும் மாத்திரைச் சீட்டையும் அருகில் வைத்துக்கொண்டு கட்ட வேண்டும்.

தரிசனத்துக்கு முன் உண்ணலாமா?

முதலில் இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஏனெனில் கட்டுச்சோறு எவ்வளவு பக்குவமாக இருந்தாலும், ‘சுவாமியைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன்’ என்னும் உறுதிக்கு முன்னால் அது மூட்டைக்குள்ளேயே கிடக்கும்.

வெறும் வயிற்றோடு தரிசிக்கும் வழக்கம் உயர்ந்ததே. உடல் வலிமை உடையவர்கள் அதைக் கடைப்பிடிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் விதிகளை வகுத்த பெரியோர்கள் விலக்குகளையும் வகுத்தே சென்றிருக்கிறார்கள். ஏகாதசி போன்ற கடுமையான விரதத்திலேயே குழந்தைகளுக்கும் எண்பதைக் கடந்த முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. நீர், பழம், பால், கிழங்கு, மருந்து ஆகியவை விரதத்தைக் குலைப்பதில்லை என்பதும் தர்ம சாத்திரம் கூறுவதே. மருந்தை விழுங்கிவிட்டு, அந்த மருந்துக்குத் துணையாக வேண்டிய உணவை மட்டும் விலக்குவது எந்தச் சாத்திரத்திலும் இல்லை.

திருப்பைஞ்ஞீலி வரலாற்றை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். இறைவன் நாவுக்கரசருக்குச் சோறளித்தது கோயிலுக்குள் அன்று. தரிசனத்துக்குப் பிறகும் அன்று. கோயிலுக்கு வரும் வழியில், தன்னைக் காண்பதற்கு முன்னரே அளித்தான். திருக்குருகாவூரிலும் அவ்வாறே. ‘என்னைக் கண்ட பிறகு உண்’ என்று அவன் சொல்லவில்லை. பசித்திருந்த அடியவர் முதலில் உண்ணட்டும் என்பதே அவன் திருவுள்ளமாக இருந்தது. வீட்டில் பிடிவாதம் செய்யும் பெரியவர்களிடம் மருத்துவரின் அறிவுரை செல்லாத இடத்தில் இந்த வரலாறு செல்லும்.

நீரிழிவு மாத்திரைகளுள் சில வகைகளும் இன்சுலினும், உணவு வந்தாலும் வராவிட்டாலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உணவு தாமதித்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றமான பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். அந்நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்தும் தெளிவு வராவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டும். தெளிந்த பின் சிறிது உணவும் தேவை. நினைவு தப்பியவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. உடனே 108க்கு அழைப்பதே முறை. பயணத்துக்கு முன்பே, அன்றைய மாத்திரையை எப்போது, எந்த அளவில் உட்கொள்வது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு சிறு விஷயம் உண்டு. சோற்று மூட்டை வண்டியில் இருக்கும். வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கும். முதியவரோ வரிசையில் இருப்பார். ஆகவே ஒரு சிறு பொட்டலம் அவர் உடம்போடு இருக்க வேண்டும். அந்தக் காலப் பாட்டிமார்கள் முந்தானை முடிச்சில் கற்கண்டு வைத்திருப்பார்கள். நல்ல வழக்கம், ஆயினும் கற்கண்டு வாயில் மெல்லத்தான் கரையும். குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ விரைவாக வேலை செய்யும். முடிச்சு அதேதான், உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டால் போதும்.

பன்னிரண்டு மணியிலிருந்து பின்னோக்கி

பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 அல்லது 12.30 மணிக்கு நடை சாத்தி, மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். இடையிலுள்ள நேரத்தில் கோயில் இல்லை. வெயில் மட்டுமே உண்டு. பகலுணவுக்கு இதைவிடப் பொருத்தமான இடைவேளை வேறில்லை. எனவே ஒருநாள் பயணத்தின் உணவுத் திட்டத்தைப் பன்னிரண்டு மணியிலிருந்து பின்னோக்கி வகுப்பது எளிது. 12.30க்குப் பகலுணவு. காலை 7 மணிக்கு, புறப்படும் முன் வீட்டிலோ வண்டியிலோ சிற்றுணவு. இடையில் 10 மணியளவில், அடுத்த வரிசையில் நிற்பதற்கு முன், ஒரு சிறு தீனி. மாலை 5 மணிக்கு மற்றொரு சிறு தீனி. ஆக நான்கு வேளை. ஒவ்வொன்றும் அளவில் சிறியது. ஒரே வேளையில் வயிறு நிறைய உண்டுவிட்டு வண்டியில் அமர்வது முதியோருக்கு ஆகாது.

மூட்டையையும் அவ்வாறே பிரித்துக் கட்டுவது நலம். எல்லாவற்றையும் ஒரே கூடையில் அடுக்கிவிட்டால், பத்து மணி தீனிக்காக அடியில் இருக்கும் சம்படத்தை எடுக்கக் கூடை முழுவதையும் பிரித்துப் போட வேண்டியிருக்கும். அந்தச் சோம்பலினாலேயே பத்து மணித் தீனி பல நேரங்களில் நின்றுபோகிறது.

காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கு நிகரானது வேறில்லை. ஆவியில் வெந்தது, பல்லில்லாதவரும் உண்ணலாம். ஆறிய இட்லியின் இருபுறமும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்கினால் காயாமல் இருக்கும். தேங்காய்ச் சட்டினி கூடாது. வெயிலில் அது விரைவில் கெட்டுவிடும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் மாவிலேயே கலந்திருக்கும். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் அது வேகும். அதற்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டியதில்லை. பயண உணவுக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. அந்தப் பக்குவத்தில் வீட்டிலும் மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து இட்லி வார்க்கலாம்.

பத்து மணிக்கு ஒரு கைப்பிடிச் சுண்டல். முளைகட்டிய பச்சைப்பயறோ கறுப்புக் கொண்டைக்கடலையோ நன்று. தேங்காய்த் துருவல் சேர்க்காமல், ஈரம் முற்றிலும் வற்றும்வரை வாணலியில் புரட்டி எடுக்க வேண்டும். ஈரம் நின்ற சுண்டல் வெயிலில் பகலுக்குள் நூல்விடத் தொடங்கும். கொய்யா, ஆரஞ்சு, சிறிய வாழைப்பழம் ஆகியவை வீட்டில் நறுக்காமல் முழுதாகவே வர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையவர்களுக்கு மட்டும் வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் ஆகியவற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கலாகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்காகலாம்.

புளியோதரையும் தயிர்ச்சோறும்

பகலுணவுக்கு முன்னோர் தேர்ந்தவை புளியோதரை, எலுமிச்சைச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு. ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து உண்ணும் சித்திரான்னங்களும் இவையே. சாம்பார்ச் சோறும் கூட்டும் அந்த வரிசையில் இடம்பெறாததற்குக் காரணம் உண்டு. சோறு வெந்த பிறகும் சாகாமல் நிற்கும் கிருமி வித்துக்கள் உண்டு. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும்; பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. புளிப்பு மிகுந்த உணவில் அவை எளிதில் பெருகுவதில்லை. நம் பாட்டிமார்களுக்குக் கிருமியியல் தெரியாது. மறுநாள் வரும் வயிற்றுவலி தெரியும். அந்த அனுபவத்தில் தேர்ந்தெடுத்த உணவுகள் இவை. ஆனால் புளியும் தயிரும் கெடுவதைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுப்பதில்லை. விடியற்காலை நான்கரைக்குச் சமைத்ததைப் பகல் பன்னிரண்டரைக்குள் உண்டுவிட வேண்டும். மிஞ்சியதை இரவுக்கு என்று எடுத்துவைப்பது வேண்டாம். முந்தின இரவே சோறு வடித்துவைப்பதும் வேண்டாம்.

முன்கூட்டியே செய்துவைக்கத் தக்கது புளிக்காய்ச்சல் ஒன்றே. நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சிவிட்டால் பல நாள் இருக்கும். சிக்கல் உப்பில்தான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது சமமாக அளந்த ஒரு தேக்கரண்டி. வழக்கமான புளியோதரையோடு ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால், இரத்த அழுத்தம் உடையவரின் அன்றைய பங்கில் பெரும்பகுதி அந்த ஒரே வேளையில் செலவாகிவிடும். புளிக்காய்ச்சலில் உப்பைப் பாதியாகக் குறைத்து, வறுத்த மல்லி, வெந்தயம், எள், மிளகு ஆகியவற்றின் பொடியைச் சற்றுக் கூட்டினால் நாக்கு குறையை உணராது. ஊறுகாய் இளையவர்களின் சம்படத்தில் இருக்கட்டும்.

வேர்க்கடலை புளியோதரைக்கு அழகு. நீரிழிவு உடையவர்களுக்கு நன்மையும்கூட. ஆனால் கட்டுப்பல் உள்ளவர்களுக்கு அது பெருந்தொல்லை. கடலையை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக் கலந்தால் சுவையும் இருக்கும், பல்லும் தப்பும். இத்தகைய சிறு கவனங்களை எந்த உணவகத்திலும் எதிர்பார்க்க முடியாது.

சோற்றை ஆறவைப்பதில் அவசரம் கூடாது. வடித்த சோற்றை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள்தூளும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டு, விசிறியின் கீழ் வைத்தால் விரைவாக ஆறும். நன்கு ஆறிய பின்னரே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு சம்படத்தில் அடைத்தால் மூடியின் உட்புறம் ஆவி நீராகக் கோத்துச் சோற்றில் சொட்டும். கெடுவது அங்கிருந்தே தொடங்குகிறது. ‘ஹாட் பாக்ஸ்’ இருக்கிறதே என்று சிலர் எண்ணலாம். காலையில் அதில் அடைத்த சோறு பகல்வரை கொதிசூட்டில் நிற்பதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடுகிறது. கிருமிகளுக்கு மிகவும் உகந்த சூடு அதுவே. நன்கு ஆறிய சோற்றைச் சாதாரண எவர்சில்வர் சம்படத்தில் எடுத்துச் செல்வதே பாதுகாப்பு. வண்டியின் பின்பெட்டி கோடையில் அடுப்புக்குச் சமம். கூடை, இருக்கைக்குக் கீழே நிழலில் இருக்க வேண்டும்.

தயிர்ச்சோற்றில்தான் இல்லத்தரசியின் கைத்திறன் வெளிப்படும். காலையிலேயே தயிர் விட்டுப் பிசைந்தால் பகலில் புளித்துப் போகும். பாலில் பிசைந்து, பயணத்திலேயே உறையச் செய்வதுதான் பழைய உபாயம். ஓர் ஆழாக்கு அரிசியைக் குழைய வேகவைத்துச் சூடாக இருக்கும்போதே மசித்து, காய்ச்சிய பால் இரண்டு ஆழாக்கு விட்டுக் கிளற வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு மேசைக்கரண்டித் தயிர் போதும். கோடையில் ஒன்றே போதும். பிசையும்போது பாயசம்போல் தளர்வாகத்தான் தோன்றும். அஞ்ச வேண்டியதில்லை. பகலில் சம்படத்தைத் திறக்கும்போது, வெட்டியெடுக்கும் பதத்தில் புளிப்பின்றி இருக்கும். இஞ்சி, கறிவேப்பிலை, கடுகு தாளித்து, துருவிய கேரட் சேர்க்கலாம். வெள்ளரிக்காய் நீர்விடும் இயல்புடையது. அதை உண்ணும்போது நறுக்கிச் சேர்ப்பதே நன்று.

அரிசிக்குப் பதிலாகச் சாமையிலும் இதே முறையில் செய்யலாம். சாமை பாலை மிகுதியாக உறிஞ்சும். ஆதலால் இன்னும் அரை ஆழாக்குப் பால் கூடுதலாக வேண்டும். ஆனால் வீட்டில் ஒருமுறைகூடச் செய்து பாராத பண்டத்தை முதன்முதலில் யாத்திரையன்று செய்து பார்ப்பது விவேகமன்று. பெரியவர்களின் வயிறு புதுமைகளை விரும்புவதில்லை.

சோற்றின் அளவைப் பற்றியும் ஒரு சொல். நீரிழிவு உடையவரின் இலையில் புளியோதரையும் தயிர்ச்சோறும் சேர்ந்தே ஒரு கிண்ணம். அதற்கு இணையாகக் காய்கறி ஒரு கிண்ணம் இருக்க வேண்டும். வெண்டைக்காய், வாழைக்காய், கொத்தவரங்காய் ஆகியவற்றின் வதக்கல் பயணத்துக்கு ஏற்றது. நீர் வற்ற வதக்கி, வெங்காயமும் தேங்காயும் இன்றிச் செய்தால் பகல்வரை இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் பேரப்பிள்ளைகளுக்கு. தாத்தாவின் கை அந்தச் சம்படத்தை நோக்கி நீளும் என்பதையும் எதிர்பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

ஆசாரம் மிகுந்த சில பெரியவர்கள் சமைத்த சோற்றை வெளியில் எடுத்துச் சென்று உண்ண மாட்டார்கள். அவர்களுக்கு அவல் இருக்கிறது. குசேலர் கந்தைத் துணியில் முடிந்து துவாரகைக்குச் சுமந்து சென்ற கட்டுணவு அதுவன்றோ! சிவப்பு அவலைக் களைந்து மோரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் உண்ணும் பதம் வந்துவிடும். அடுப்பே தேவையில்லை. அவலும் கெடாது, ஆசாரமும் கெடாது.

இலையும் நீரும்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. உணவு பொதியும் பிளாஸ்டிக் தாளும் நெகிழி பூசிய தட்டும் அத்தடைக்குள் அடக்கம். செய்தித்தாளில் உணவைப் பொதிவதையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வேண்டாம் என்கிறது. அச்சு மை உணவில் ஏறும். வாழையிலையை அனலில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடங்கும். தைத்த மந்தாரை இலை நெடும்பயணத்திலும் கசங்காது. ஈரத்துணி ஒன்று, கைகழுவத் தனிநீர் ஒரு புட்டி, எச்சில் இலைகளைத் திரும்பக் கொண்டுவர ஒரு பழைய துணிப்பை ஆகியவை கூடையில் இருந்தால் உட்கார்ந்த இடம் உட்கார்ந்தபடியே தூய்மையாக இருக்கும்.

நீர் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பயணத்தில் முதியோர், குறிப்பாகப் பெண்கள், வேண்டுமென்றே நீர் அருந்துவதில்லை. கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலை. வெளியே சொல்லக் கூசுவார்கள். கேட்டால் “தாகமில்லை” என்பார்கள். வெயிலில் நீர்வற்றி, நெடுநேரம் நின்று, பிராகாரத்தில் மயங்கி விழுவோர் பலருக்கு இதுவே காரணம். ஆகவே பயணத் திட்டத்தில் தலங்களைக் குறிக்கும்போதே கழிப்பறை உள்ள இடங்களையும் குறித்துக்கொள்வது மகனின், மருமகளின் கடமை. “அத்தை, அடுத்த ஊர்ல நல்ல இடம் இருக்கு, நிறுத்துறோம்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் தயங்காமல் நீர் அருந்துவார்கள். காய்ச்சி ஆறவைத்த சீரகநீர் நன்று. நீர்மோரைப் பதினொரு மணிக்குள் பருகிவிட வேண்டும். இருதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் நீரின் அளவை மருத்துவர் வரையறுத்திருந்தால் அந்த அளவே அளவு.

அமரும் இடத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: நிழல், கை கழுவ வசதி, அருகில் கழிப்பறை. கோயில் பிராகாரத்துக்குள் இலை விரிப்பது முறையன்று. வெளியிலுள்ள மண்டபமாயினும் கோயில் அலுவலரைக் கேட்டுக்கொண்டு அமர்வதே நன்று. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் இருக்கட்டும். அழகர்கோயில், சோளிங்கர் போன்ற தலங்களில் குரங்குகள் மிகுதி. அங்கே மூட்டையை வெளியில் பிரிப்பது, அவற்றுக்குப் பந்தி விரிப்பதற்கு ஒப்பாகும். வண்டிக்குள் அமர்ந்து உண்பதே வழி.

முன்னே கூறிய ஸ்ரீரங்கத்துக் குடும்பம் சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒருநாள் புறப்பட்டது. இம்முறை தொலைதூரம் இல்லை. திருச்சியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் துறையூர்ச் சாலையிலுள்ள திருவெள்ளறை, அங்கிருந்து திருப்பைஞ்ஞீலி. அம்மையாரை இசையவைக்க மகன் மூன்று நாள் பேச வேண்டியிருந்தது. மருமகள் ஒன்றும் பேசவில்லை. முந்தின நாளே மாத்திரைச் சீட்டை எடுத்து நேரங்களைக் குறித்துக்கொண்டார். அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பை மூட்டினார்.

ஏழு மணிக்கு இட்லி. “இன்னும் பெருமாளைப் பார்க்கலையே” என்று அம்மையார் தயங்கியபோது, பள்ளியில் படிக்கும் பேத்தி குறுக்கிட்டாள். “பாட்டி, அப்பருக்கே சாமி வழியிலதான சோறு போட்டாரு?” பாட்டி சொல்லித்தந்த கதைதான். அம்மையார் பதில் கூறாமல் இலையைப் பிரித்தார்.

திருவெள்ளறையில் பெருமாளைச் சேவித்து, சுவஸ்திகக் கிணற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்தரைக்குச் சுண்டல். வெயில் ஏறுமுன் திருப்பைஞ்ஞீலி. நாவுக்கரசருக்குச் சோறளித்த நிகழ்ச்சியை நினைவூட்டும் சந்நிதிக்கு முன்னால் அம்மையார் நெடுநேரம் கைகூப்பி நின்றார். நடை சாத்தியதும் ஊருக்கு வெளியே ஒரு வேப்பமர நிழலில் வண்டி நின்றது. மடக்கு நாற்காலியில் அமர்ந்து, தயிர்ச்சோற்றை ஒரு வாய் உண்டுவிட்டு, “காலையில பாலா விட்டியா?” என்று மருமகளைக் கேட்டார். ஆம் என்றதும் தலையசைத்தார். பிறகு, புளியோதரையில் உப்பு சற்றுக் குறைவு என்று ஒரு குறையும் சொன்னார்.

வீடு திரும்பும்போது மணி ஐந்து. மீதமிருந்த கொய்யாப்பழத்தைப் பேத்தியிடம் நறுக்கச் சொல்லிவிட்டு, அம்மையார் மகனிடம் கேட்டார்: “குணசீலம் இங்கிருந்து எவ்வளவு தூரம்ப்பா?”